கிளாரி பலகை ஏறிய சனிக்கிழமை

குல்பாரா என்ற ஊரில் ஆட்டுக்குக் கம்பளி வெட்டும் கிளாரி பாஸ்கோவுக்குச் செவ்வாய்க்கிழமை இரண்டு விலா எலும்புகள் முறிந்தன. முறித்தது ஓர் ஆடு. கிடாவாக இருந்தால் வெளியே சொல்லியிருப்பான். அது ஒரு வயதுகூட ஆகாத பெட்டை. மூன்று லட்சம் ஆடுகளை மொட்டையடித்தவன் இதை எந்த முகத்தோடு சொல்வது?

சனிக்கிழமை, வருடாவருடம் போல, கண்காட்சித் திடலுக்குக் குத்துச்சண்டைக் கூடாரம் வந்தது. வாசலில் உயரப் பலகை கட்டிச் சண்டைக்காரர்களை நிறுத்தி, முரசடித்து, உள்ளூர்க்காரனை ஏறச்சொல்லிக் கூப்பிடுவார்கள். ஏறினவன் கூடாரத்துக்குள் அவர்களில் ஒருவனோடு மோதி, மூன்று சுற்று விழாமல் நின்றால் ஜெயித்த மாதிரி. இந்த வருடம் ஏறப்போவதாகக் கிளாரி பத்து மாதமாக மதுக்கடையில் முழங்கியிருந்தான். கேட்டுக் கேட்டுச் சுவரில் பெயிண்ட்டே உதிர்ந்துவிட்டது.

"ஆடு உதைச்சுதுன்னு சொல்லிட்டா செத்தா போயிருவ?" விலாவில் துணியை இறுக்கிச் சுற்றியபடி கேட்டாள் மனைவி டோரீன்.

"செத்தாப் பரவால்லடி. சொன்னப்புறமும் இந்த ஊர்லல்ல இருக்கணும்!"

முரசு அதிர்ந்தது. கூடக் கம்பளி வெட்டுகிற மிக் கத்தினான்: "என்னடா மச்சான், காலு பசை போட்டு ஒட்டிக்கிச்சா?"

திடலே சிரித்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான் கிளாரி. அத்தனை முகங்களையும் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு பலகை ஏறினான்.

கூடாரத்துக்குள் எதிரே நின்றவன் ஆல்பி, சண்டைக்காரர்களிலேயே கெட்டிக்காரன். மணி அடித்ததுமே கட்டிப்பிடித்தான்; விலாவில் சுற்றிய துணி கையில் தட்டுப்பட, காதில் கேட்டான்: "எந்தப் பக்கம்ணே?"

"இடது."

"விழாம நில்லுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

அதன்பிறகு ஆல்பி காற்றைத்தான் குத்தினான். குத்து வாங்கிய காற்று அலறி ஓடியதில் நாலு பேர் தொப்பி பறந்தது. கிளாரியின் கை தொட்டால் போதும், ஆல்பி தள்ளாடினான். மூன்றாம் சுற்றில், ஊர் கைதட்டட்டும் என்று, கையைத் தாழ்த்தி முகத்தையே நீட்டிக் காட்டினான்.

"போடுறா கிளாரி!" என்றது ஊர்.

போட்டான். உள்ள பலமெல்லாம் திரட்டி வாயிலேயே போட்டான். ரத்தம் வந்தது. ஆல்பி திருப்பி அடிக்கவில்லை. கணக்குப் பார்ப்பவன் போல அவனை ஒருதரம் பார்த்தான், அவ்வளவுதான். மணி அடித்தது.

ஊரே கிளாரியைத் தோளில் தூக்கி வெளியே கொண்டுவந்தது. ஆல்பி உதட்டைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஆளுக்காக மறுபடி பலகை ஏறிக்கொண்டிருந்தான்.

"விலாவப் பாத்துத் தூக்குங்கய்யா," என்றான் ஆல்பி கூட்டத்திடம்.

யாரோ தலையில் கவிழ்த்த தொப்பியைக் கிளாரி மூக்குவரை இழுத்துக்கொண்டான். "இறக்குங்கடா," என்றான். எவன் காதிலும் விழவில்லை.