வேண்டுமென்றே விட்ட ஓட்டை

நகரமன்றத்துக்குக் கொள்கை எழுதிக் கொடுக்கும் அதிகாரிக்கு அலுவலகத்தில் ‘ரப்பர்’ என்று பெயர். எழுதுவதைவிட அழிப்பது அதிகம் என்பதால் வந்த பட்டம். அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளதைத்தானே சொல்கிறார்கள்?

அந்த வேலையில் அவளுக்கு ஒரு தந்திரம் உண்டு. எந்த வரைவையும் முழுசாக எழுதமாட்டாள். பளிச்சென்று கண்ணில் படுகிற மாதிரி ஒரு ஓட்டையை வேண்டுமென்றே விட்டுவைப்பாள். குழுத் தலைவர் அதைக் கண்டுபிடித்து, மேசையைத் தட்டி, “இதைக்கூடக் கவனிக்க மாட்டீங்களா?” என்று ஒரு பிடி பிடிப்பார். இவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திருத்துவாள். அப்புறம் அது அவர் பெற்ற பிள்ளை. தலைமேல் தூக்கிக்கொண்டு போய் நிறைவேற்றிவிடுவார். ஓட்டையே இல்லாத வரைவைக் கொடுத்தால் சும்மா இருப்பார்களா? எதையாவது மாற்றியாக வேண்டுமே என்று நன்றாக இருக்கிற இடத்தில் கைவைத்து நாசமாக்குவார்கள். அரசியல்வாதிகளைப் பற்றி அவள் போட்டுவைத்திருந்த கணக்கு அவ்வளவுதான்.

இந்த முறை வந்தது, காய்கறிச் சந்தையில் ஒரு குழந்தைகள் காப்பகம். இதில் அவளுக்குச் சொந்த அக்கறையும் இருந்தது. அவளுடைய நாத்தனார் அந்தச் சந்தையில்தான் கடை வைத்திருக்கிறாள். புருஷன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன். பெண்குழந்தைக்கு இன்னும் இரண்டு வயசு ஆகவில்லை. தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவேதான் அதன் தூக்கம். ஒரு தள்ளுவண்டி அதன் காலை உரசிக்கொண்டு போன நாளிலிருந்து நாத்தனாருக்கு ஈரக்குலை நடுங்கிக்கொண்டே இருந்தது. காப்பகம் வராவிட்டால் கடையை மூடிவிடுவது என்று முடிவு கட்டிவிட்டாள்.

சந்தை விடிகாலை நாலு மணிக்கே களைகட்டிவிடும். ஊருக்கே தெரிந்த விஷயம். ரப்பர் வரைவில், “காலை ஒன்பது மணிக்குத் திறக்கப்படும்” என்று எழுதினாள். இதைவிடப் பெரிய ஓட்டை வைக்க முடியாது.

குழுக் கூட்டத்தில், காப்பக வாசலில் எந்தக் கட்சித் தலைவர் படத்தை மாட்டுவது என்று சண்டை கிளம்பியது. குழுத் தலைவரும் எதிர்க்கட்சி உறுப்பினரும் கத்திய கத்தலில் கண்ணாடி ஜன்னலே அதிர்ந்தது. கடைசியில் எந்தப் படமும் வேண்டாம், ஒரு யானைக்குட்டியை வரைந்துவிடலாம் என்று சமாதானமானார்கள். தொண்டை வற்றிப்போய், “மற்றதெல்லாம் ஏற்கப்பட்டது” என்று கையெழுத்துப் போட்டு எழுந்துவிட்டார்கள். ஒன்பது மணியைப் பற்றி ஒருத்தரும் வாய்திறக்கவில்லை.

குழு கையெழுத்துப் போட்டபின் அதிகாரி ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. மன்றக் கூட்டத்தில் உறுப்பினர் யாராவது எழுந்து திருத்தம் கேட்டால்தான் உண்டு. தலைவரிடம் சொல்ல அவளுக்குப் பயம். வேண்டுமென்றே எழுதியது என்று தெரிந்தால் வேலைக்கே உலை. தயங்கித் தயங்கி எதிர்க்கட்சி உறுப்பினரிடம் போனாள்.

அவர் சிரித்தார். “நானும் பார்த்தேன்மா. அப்படியே இருக்கட்டும். தேர்தல் வருதில்ல? ஒன்பது மணிக் காப்பகம்னு தெருத்தெருவா நார்நாரா கிழிக்கப்போறேன்.”

வேறு வழியில்லாமல் நாத்தனாரின் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

“சந்தை நாலு மணிக்குன்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணி?”

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் எழுதினீங்களா? என் புள்ளை உங்களுக்கு விளையாட்டுச் சாமானா?”

ரப்பர் ஒப்புக்கொண்டாள். “தப்புதான். மன்றக் கூட்டத்துல பொதுமக்கள் கேள்வி கேட்கலாம். நீ வந்து கேளு. எழுதினது யாருன்னு கேட்டா, நான் எழுந்து நிக்கிறேன்.”

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு தக்காளியை அடுக்க ஆரம்பித்தாள். ஆனால் கூட்டத்தன்று, பொதுமக்களுக்கான மாடியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஒன்பது மணிக்குத் திறக்கிறீங்க, சந்தோஷம். நாலு மணியிலேர்ந்து இவளை எங்க விடட்டும்? தலைவர் வீட்டுலயா?”

மன்றமே சிரித்தது. தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. பத்திரமாகப் பொத்திவைத்திருந்த விஷயம் கைநழுவுவதைப் பார்த்த எதிர்க்கட்சி உறுப்பினர் துள்ளி எழுந்தார். “நாலு மணின்னு திருத்தணும்!”

தலைவர் விடுவாரா? “மூட்டை இறக்கறவங்க அதுக்கும் முன்னாடியே வர்றாங்க. மூணரை!”

“பாலும் கொடுக்கணும்!”

“பாலும் கொடுப்போம், முட்டையும் கொடுப்போம்!”

ரப்பர் விழுந்தடித்து எழுதிக்கொண்டிருந்தாள். பால் கேட்க அவளுக்கு இந்த ஜென்மத்தில் துணிச்சல் வந்திருக்காது.

தலைவர் மைக்கை அணைத்துவிட்டு அவளுடைய மேசைப் பக்கம் குனிந்தார். “இந்த ஒன்பது யாரு வேலை?”

அவள் எழுந்து நின்றாள். “நான்தான் சார். வேணும்னேதான் எழுதினேன்.”

“அது தெரியாதா? இத்தனை வருஷமா நீங்க ஓட்டை வைக்கிறீங்க, நான் அடைக்கிறேன். அன்னைக்குப் படச் சண்டையில கோட்டை விட்டுட்டேன்.” அவர் தாளைப் புரட்டினார். “சனிக்கிழமை வரைக்கும்னு போட்டிருக்கு. ஞாயித்துக்கிழமைதானே சந்தையில கூட்டம் அள்ளும்? இதுவும் வேணும்னேவா?”

ரப்பர் பார்த்தாள். தனக்கு லீவு என்றால் ஊருக்கே லீவு என்று கை தானாக எழுதியிருந்தது.

“இல்ல சார். நிஜமாவே மறந்துட்டேன்.”

“அப்ப இது என்னோடது!” என்றார் அவர். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இந்த மனுஷனை நாம் எடைபோட்டது தப்பு என்று அவளுக்கு உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. அவர் மைக்கைப் போட்டு, “ஞாயித்துக்கிழமையும் திறந்திருக்கும்!” என்றார். எதிர்ப்பக்கமும் சேர்ந்து கை தூக்கியது.

மாடியிலிருந்து ஒரு குரல், காவலாளி அடக்க அடக்க, கீழே வந்து விழுந்தது.

“அண்ணி! நான் கடையை மூடலை!”