பிரார்த்தனைக் கூடத்தில் பிரஷர் மெஷின்

கடவுள் நம்பிக்கை உள்ளவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைவாக இருக்கும் என்று கம்பெனி டாக்டர் சொன்னபோது, என் கையில் சுற்றிய பட்டையை அவர் இன்னும் அவிழ்க்கவில்லை. அதைக் கேட்ட பிறகு இன்னொரு முறை அளந்திருந்தால் அந்தப் பட்டை தெறித்துப் போயிருக்கும்.

"ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. நம்பறவங்க நிம்மதியா இருக்காங்க, டென்ஷன் கம்மி. மாத்திரை எழுதித் தரேன். அதோட எங்கயாவது போய் அமைதியா உக்காருங்க. உங்க வீட்டம்மா ஏதோ பிரார்த்தனைக் கூடத்துக்குப் போறதா சொன்னீங்களே, கூடவே போங்க."

"டாக்டர், இதை எந்தக் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க?"

"பாத்தீங்களா, இப்பவே முகம் சிவக்குது" என்றார்.

படித்த மனிதன். சுவர் முழுக்கச் சட்டம் போட்டு மாட்டிய பட்டங்கள். வாயைத் திறந்தால் கிளி ஜோசியம். ஆனாலும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பிழைப்பு அவர் பேனாவில் இருந்தது.

நான் உயரமான கட்டடங்கள் கட்டும் இடத்தில் பெரிய கிரேன் ஓட்டுகிறவன். முப்பது மாடி உயரத்தில், கண்ணாடிக் கேபினில், தன்னந்தனியாக. அழுத்தம் நூற்று எண்பதில் நிற்கிறவனை அங்கே ஏற்ற மாட்டார்கள். மேலே மயங்கி விழுந்தால் கீழே இருக்கிறவன் தலையில் இரும்புக் கம்பிக்கட்டு இறங்கும் அல்லவா? அது நியாயம்தான். ஒரு மாதம் வீட்டில் இரு, நூற்று நாற்பதுக்குக் கீழே கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார் டாக்டர். இறங்காவிட்டால் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். அதற்கு நான் நாண்டுகொண்டு சாகலாம்.

அந்தக் கேபினில் நான் எப்படி இருப்பேன் என்று தெரிந்தால்தான் அந்த நஷ்டம் புரியும். கீழே நிற்கிறவன் வாக்கி-டாக்கியில் வழி சொல்வான். பொத்தானை அழுத்தி "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விட்டுவிடுவேன். அப்புறம் என் ராஜ்ஜியம். என்ஜினியரைத் திட்டுவேன், அவன் போட்ட பிளானைத் திட்டுவேன், காற்றைத் திட்டுவேன், உலகத்தில் இருக்கிற அத்தனை முட்டாளையும் பெயர் சொல்லித் திட்டுவேன். ஒரு காக்காய்க்குக்கூடக் கேட்காது. சாயங்காலம் இறங்கி வரும்போது வாய் வறண்டிருக்கும். வீட்டில் சோற்றைத் தின்றுவிட்டுப் பேசாமல் படுத்துவிடுவேன்.

இப்போது வீடே கதி. இரண்டு அறை. ஓர் அறையில் என் மனைவியின் தையல் மெஷின். பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைத்துத் தைக்கிற வேலை அவளுக்கு. நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நூல் தொய்கிறது, மெஷினுக்கு எண்ணெய் பத்தவில்லை, விளக்கு இடது பக்கம் இருக்கவேண்டும் என்று நல்லதாக நாலு சொல்வேன். அப்படியே செய்தித்தாளில் இருக்கிறவர்களையும் ஒரு பிடி பிடிப்பேன். அவள் பதில் பேச மாட்டாள். பெடலை மிதித்துக்கொண்டே இருப்பாள். சாயங்காலம் ஆனதும் முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்குக் கிளம்பிவிடுவாள். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அப்படி என்னதான் இருக்கு அங்க?" என்று கேட்டேன்.

"நிம்மதியா இருக்குங்க."

"காசு குடுத்து வாங்கறியா, சும்மா குடுக்கறாங்களா?"

"டாக்டரும் சொல்லியிருக்காருல்ல? வேணும்னா வந்து பாருங்க" என்றாள். வேண்டாம் என்று அவள் மனசுக்குள் நினைத்தது எனக்கு அப்போது தெரியவில்லை.

போனேன். டயர் கடைக்கு மேலே மாடியில் ஒரு நீளமான ஹால். பிளாஸ்டிக் நாற்காலிகள், மின்விசிறிகள், அடிக்கொரு தரம் கீச்சிடும் மைக். நடத்துகிறவர் வெள்ளை உடையில், ஷாம்பூ போட்ட தாடியோடு இருந்தார். "சாந்தம்... சாந்தம்..." என்று இழுத்து இழுத்துச் சொன்னார். நான் அவருக்கு அன்றைக்கே சாந்தம் என்று பெயர் வைத்துவிட்டேன். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமாம்! நான் மட்டும் மூடவில்லை. ஒருவர் மூடாமல் இருந்தால்தானே யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியும்?

பார்த்தேன். வங்கியில் கேஷியராக இருக்கிற ஒருத்தர், விசிறிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலிக்காக முன்கூட்டியே வந்து கைக்குட்டை போட்டு வைத்திருந்தார். அந்தக் கைக்குட்டையை ஒதுக்கிவிட்டு வேறொருவர் உட்கார்ந்ததும் அந்தப் பக்திமான் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பக்கத்தில் ஒரு மாமியார், மருமகள் பெயரைச் சொல்லி அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் கிடைக்கவேண்டும் என்று சத்தமாகவே மனு போட்டாள். கடவுளுக்கு ஆபீஸ் இருந்திருந்தால் அவர் லீவு போட்டிருப்பார். இந்தக் கூட்டத்துக்குத்தான் டென்ஷன் கம்மியாம்!

நான் மீட்டரை நம்புகிறவன். கொக்கியில் எவ்வளவு பாரம் என்று மீட்டர் காட்டாமல் ஒரு தகரத்தைக்கூடத் தூக்க மாட்டேன். தூக்குகிறவன் "லேசாத்தான் இருக்கு" என்பான். மீட்டர் வேறு சொல்லும். மனிதன் வாயை நம்பி எவன் கிரேன் ஓட்டுவான்? நிம்மதியாக இருக்கிறது என்று இவர்கள் வாயால் சொல்வதை மட்டும் நான் எதற்கு நம்பவேண்டும்? மறுநாளே மருந்துக்கடைக்குப் போய், வீட்டில் வைத்து அளக்கிற பிரஷர் மெஷின் ஒன்று வாங்கினேன்.

"இது எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"உங்க சாந்தத்துக்கு லோடு டெஸ்ட்."

"ஏங்க, மானத்தை வாங்காதீங்க."

"இருந்தாத்தானே வாங்கறதுக்கு!" என்றேன்.

கூடத்து வாசலில், செருப்பு வைக்கிற அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மேஜையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே போகும்போது ஓர் அளவு, வெளியே வரும்போது ஓர் அளவு. சாந்தம் தடுப்பார், சண்டை வரும், அவர் சாயம் வெளுக்கும் என்று ஆசையோடு காத்திருந்தேன். அந்த ஆள் கையைக் கூப்பிக்கொண்டு வந்து முதல் ஆளாகக் கையை நீட்டினார். நூற்று எழுபத்தைந்து! எனக்கு விசில் அடிக்கலாம் போலிருந்தது.

"என்னங்க ஐயா, கடவுளுக்குப் பக்கத்துலயே இருக்கீங்க, இவ்வளவு காட்டுது?"

"இதுவும் அவர் குடுத்ததுதானே" என்று சிரித்தார்.

இவர்களை எங்கே போட்டு அமுக்குவது? அழுத்தம் குறைந்தால் கடவுள் குறைத்தார், ஏறினால் கடவுள் ஏற்றினார். அதோடு விட்டாரா? மைக்கில் போய், "ஒரு அன்பர் நம்ம எல்லாருக்கும் இலவசமா பிரஷர் பாக்கறார், அவருக்காகவும் வேண்டிக்குவோம்" என்று அறிவித்துவிட்டார். அவ்வளவுதான், வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்றது. சும்மா கிடந்த சங்கை நானே ஊதிக் கெடுத்துக்கொண்டேன். இரண்டே நாளில் நான் அந்தக் கூடத்தின் சேவகன் ஆகிவிட்டேன். கேஷியர் என்னை "தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த மூன்று வாரமும் நான் குஷியாக இருந்தேன். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தது போல. கேஷியருக்கு நாற்காலி கிடைத்த நாளில் இறங்கியது, கிடைக்காத நாளில் ஏறியது. மாமியாருக்கு வேண்டுதலுக்கு முன்னால் கொஞ்சம், வேண்டுதலுக்குப் பின்னால் நிறைய. வீட்டுக்கு வந்து ஒவ்வொருவரையும் நடித்துக் காட்டி, மனைவி தைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று ஒரு மணி நேரம் கிழிப்பேன். என் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தால், நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

கூடத்தில் எல்லோரையும்விட நல்ல அளவு யாருக்கு என்றால், என் மனைவிக்குத்தான். உள்ளே போகும்போது சுமார், வெளியே வரும்போது நூற்று இருபது. ஒரு நாள்கூடத் தவறவில்லை. சாந்தம் அதைப் பார்த்துவிட்டு, "பாருங்க, இதுதான் நம்பிக்கை" என்றார்.

"மண்டைக்குள்ள ஏதாவது இருந்தாத்தானே பிரஷர் ஏற!" என்று நான் சொன்னதும் வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அந்த நூற்று இருபது மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கூடத்துக்கும் கடவுளுக்கும் அதில் சம்பந்தமே இல்லை, அவள் உடம்புவாகே அப்படி என்று நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. வீட்டில் அளக்கவேண்டும். வீட்டிலும் அதே அளவு காட்டினால் சாந்தத்தின் கதை முடிந்தது. டாக்டரிடம் போகவேண்டிய நாளுக்கு முந்தின நாள், மத்தியானம், தையல் மெஷினிலிருந்து அவள் கையைப் பிடித்து எடுத்துப் பட்டையைச் சுற்றினேன்.

நூற்று அறுபத்தெட்டு.

"கையை ஆட்டாதே" என்றேன்.

"ஆட்டலீங்க."

மறுபடியும் அழுத்தினேன். நூற்று எழுபத்திரண்டு. "ஒழுங்கா மூச்சு விடத் தெரியாதா உனக்கு? முதுகை நாற்காலில சாச்சு உக்காரு. அந்தக் காலை ஏன் பின்னிக்கிட்டிருக்கே?" என்று சொல்லிச் சொல்லி அழுத்தினேன். எண் ஏறினதே தவிர இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரை வழியை மறித்து நிறுத்துகிற சத்தம் கேட்டது. விடுவேனா? இறங்கிப் போய் வைத்து வாங்கிவிட்டு வந்தேன்.

அவள் அதே நாற்காலியில், பட்டையைக் கழற்றாமல், ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மெஷினில் நூற்று முப்பத்தொன்று.

"இது எப்ப?"

"நீங்க கீழ போயிருந்தப்ப. நானே ஒரு தடவை அமுக்கிப் பாத்தேன்."

"இப்ப அமுக்கு."

அமுக்கினாள். நான் பக்கத்தில் நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், வாயைத் திறக்கவில்லை. பட்டை உப்பியது, இறங்கியது. நூற்று அறுபத்தைந்து. இரண்டு பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மெஷின் போச்சு" என்றேன். "மட்டமான சரக்கு. கடைக்காரன் தலையில கட்டிட்டான்."

"இருக்கும்" என்றாள். பட்டையை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து காலரைத் தைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் டாக்டர் அளந்தார். எனக்கு நூற்று முப்பத்தாறு. அவருக்கு வாயெல்லாம் பல். "நான் சொன்னேன்ல? கூடத்துக்குப் போனீங்களா?"

"போனேன்."

"நிம்மதியா இருந்துதா?"

அவர் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. சொல்லவேண்டியது எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. சாந்தத்தின் நூற்று எழுபத்தைந்து, கேஷியரின் கைக்குட்டை, மாமியாரின் மனு, எல்லாம். சொன்னால் மறுபடியும் அளப்பார், ஏறியிருக்கும். ஏறினால் ஹெல்மெட் எடுத்துக் கொடுக்கிற வேலை.

"ரொம்ப நிம்மதியா இருந்துது டாக்டர்" என்றேன். த்தூ! என் வாயா அது என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. கண் ஓரத்தில் நீர்கூட வந்துவிட்டது. ஆயிரம்தான் இருந்தாலும் பெண்டாட்டி. எனக்கு மனசு இளகிப் போயிற்று.

"எனக்காக இவ்வளவு வேண்டிக்கிட்டியா?" என்றேன்.

"தினமும்."

"என் உடம்பு நல்லா ஆகணும்னா?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். கூடத்திலிருந்து திரும்பி வரும்போது இருக்கிற அதே சிரிப்புதான் முகத்தில் இருந்தது.

"உடம்பும்தான். உங்களுக்கு அந்தக் கேபின் திரும்பக் கிடைச்சுடணும், பகல் முழுக்க நீங்க அங்கயே இருக்கணும்னுதான் கேட்டேன். கூடத்துக்குப் போனா ஒரு மணி நேரம் உங்க குரல் கேக்காதுங்க. நீங்களும் வர ஆரம்பிச்சப்புறம் அதுவும் போயிடுமோன்னு பயந்தேன். நல்லவேளை, நீங்க வாசல்லயே மேஜை போட்டுக்கிட்டீங்க. இல்லாட்டி செத்தே போயிருப்பேன்."

சுருக்கென்று தைத்தது. இருபத்தாறு வருஷக் குடித்தனம். வாயை வைத்துப் பிழைக்கிற சாந்தத்தை ஒரே வார்த்தையில் மடக்க எனக்குத் தெரியும். இவளை எதைச் சொல்லி மடக்குவது? கடவுள் இல்லை என்று சொல்லலாம். ஆனால் அவள் கேட்டது கிடைத்துவிட்டதே! அதற்கான காகிதம் என் சட்டைப் பையிலேயே இருக்கிறதே! இந்த அநியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்வது?

அவள் எழுந்து முகத்தைக் கழுவி, தலையை வாரிக்கொண்டாள்.

"ஏங்க, நைட் ஷிஃப்ட்டும் குடுப்பாங்களா?"

"பெரிய கிரேனுக்கு நைட் ஷிஃப்ட் கிடையாது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சரி, அதையும் கேட்டுப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.