பத்தொன்பது மில்லிமீட்டர்

“பத்தொம்போது” என்று டாக்டரம்மா சொன்னபோது அவள் கூரையிலிருந்த நீர்க்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கேன் அறைக் கட்டிலில் படுத்தால் அந்தக் கறைதான் கண்ணுக்கு நேரே இருக்கும். மூன்று வருடப் பழக்கம். டாக்டரம்மா ஓர் எண்ணைச் சொன்னால் பின்னாலேயே ஒரு ‘ஆனா’ வரும் என்பதும் பழக்கம்தான். வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

“திரும்பித் திரையப் பாரும்மா. வலது பக்கம் ஒண்ணு நல்லா வளர்ந்திருக்கு. பத்தொம்போது மில்லிமீட்டர்.”

திரும்பினாள். இத்தனை நாளும் அந்தத் திரையில் அவள் கண்டதெல்லாம் ஓரமாகச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள்தான். தட்டில் மிளகைச் சிதறவிட்ட மாதிரி இருக்கும். எல்லாம் முட்டைப்பைகள். ஒன்றும் வளராது, ஒன்றும் உடையாது. ‘வந்த கூட்டமெல்லாம் வாசல்லயே நின்னுட்டா யாரும்மா உள்ள வருவா?’ என்று டாக்டரம்மா ஒருமுறை விளக்கியிருக்கிறார். இன்று மிளகுக்கு நடுவே ஒரு திராட்சை இருந்தது.

“இது உடையறதுக்கு இன்னிக்கே ஊசி போட்டுடறேன். நாளைக்கும் நாளை மறுநாளும் ரெண்டு பேரும் சேர்ந்து இருங்க. இந்த ரெண்டு நாள மட்டும் விட்டுடாதீங்க. இந்தப் புது மாத்திரை ஆரம்பிச்சு இது நாலாவது மாசம், அளவக் கூட்டிக்கிட்டே போக முடியாது.”

அவள் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். காலை ஆறு மணிக்கே முதல் ஆள் வந்துவிடும். கற்றுக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை அவள் மிதிக்கிற வேகத்தைப் பார்த்து, பழக வருகிறவர்கள் ‘பிரேக் அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறுவதற்குள் “உங்களுக்கு எத்தனை குழந்தைங்க அக்கா?” என்று ஆரம்பித்துவிடுவார்கள். “ரோட்டப் பாருங்க” என்பாள். ஆள் வருமுன் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, முகவாயில் தடித்து முளைத்திருக்கும் இரண்டு மூன்று முடிகளை இடுக்கியால் பிடுங்கிவிடுவது அன்றாட வேலை. கழுத்தின் கருமைக்குத் துப்பட்டா இருந்தது. முட்டை வளரவென்று டாக்டரம்மா கொடுத்த சர்க்கரை மாத்திரை கிளப்பும் குமட்டலுக்கு வாயில் ஒரு கிராம்பு. நாட்கணக்கை மூடத்தான் வழி தெரியவில்லை. மாதவிலக்கு நாற்பது நாளில் வரும், எழுபது நாளில் வரும், ஒருமுறை நூற்றுப் பதினோரு நாள் கழித்து வந்தது. மற்றவர்களுக்கு நாள் தள்ளிப்போனால் அது சேதி. அவள் உடம்புக்கு அது சுபாவம். தெரிந்தும் மனசு கேட்காது. நாற்பது தாண்டியதும் பரிசோதனை அட்டை வாங்கிவந்து, குளியலறைக் குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டுக்கொண்டு பார்ப்பாள். ஒற்றைக் கோடு. அட்டையைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி, இரண்டாவது கோடு லேசாகத் தெரிகிற மாதிரி கொஞ்ச நேரம் தன்னையே ஏமாற்றிக்கொள்வாள். பிறகு காகிதத்தில் சுற்றித் தெருமுனைக் குப்பைத்தொட்டி வரை கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவாள்.

மருத்துவமனைப் படியிலிருந்தே கணவனுக்குப் போன் செய்தாள். அவன் செய்தித்தாள் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவன். இரவு வேலை. பகலில்தான் தூக்கம்.

“பத்தொம்போதா?” என்றான் தூக்கக் கலக்கத்தில். “முப்பத்தஞ்சு எடுத்தாத்தானே பாஸு?”

வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். படியேறிக்கொண்டிருந்த ஒரு கர்ப்பிணி திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்தாள்.

வீட்டில் இரண்டே அறைகள். முன்னறையில் மாமியார். மாமியார் முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுக்க உட்கார்ந்தவள். அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்காத மாதிரி வாங்குவது அவளுக்குக் கைவந்த கலை. பிள்ளை உண்டாகாதது பற்றி மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தக் கேட்காமையே சில நாட்களில் இவளுக்குக் கேள்வியாக இருக்கும்.

மறுநாள் மத்தியானம் இரண்டு வகுப்புகளைத் தள்ளிப்போட்டுவிட்டு ஒரு மணிக்கு வீடு வந்தாள். மாமியார் பையும் குடையுமாக வாசலில் நின்றிருந்தாள்.

“மூக்குக் கண்ணாடி ஆடுது. கடை வரைக்கும் போய்ட்டு வரேன். அப்படியே ஒரு நடை. அஞ்சு மணி ஆயிடும்.”

“இந்த வெயில்லயா அத்தை? முட்டி வலின்னு நேத்து சொன்னீங்களே?”

“நடந்தாத்தான் சரியாகும். அஞ்சு மணிக்கு முன்னாடி வர மாட்டேன்.” படியிறங்கும்போது திரும்பாமலே இன்னொரு தடவையும் சொன்னாள்: “அஞ்சு.”

இவளுக்கு முகம் சூடானது. ஊசிச் சீட்டு அலமாரியில்தான் கிடந்தது. மாமியார் அதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது அந்தப் போன் பேச்சின் ஒரு பக்கமே அவளுக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

அவன் குளித்து, சவரம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தான். எவ்வளவு தேய்த்தாலும் போகாத மை நகக்கண்களில் இருந்தது. கட்டிலின் ஆளுக்கொரு ஓரத்தில், டோக்கன் வாங்கிவிட்டுக் காத்திருப்பவர்கள் மாதிரி இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமான புதிதில் இதே மத்தியானங்களில் அவன் வேலைக்குக் கிளம்ப மனசில்லாமல் சட்டையைப் போடுவதும் கழற்றுவதுமாக இருப்பான். அந்த ஆளை எந்த மாதம் தொலைத்தோம் என்று அவளுக்கு நினைவில்லை.

“கொஞ்ச நேரம் பேசிட்டிருக்கலாமா?” என்றான்.

“பேசலாமே” என்றாள். அவள் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய் வந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டான்.

பிறகு நடந்ததில் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் சேதி. அவள் காத்திருந்தாள், அவன் முயன்றான். அவள் பரவாயில்லை என்றாள், அந்தப் பரவாயில்லையிலேயே அவன் இன்னும் சுருங்கிப்போனான். கடைசியில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

“என்னால முடியல. பட்டனத் தட்டினா ஓடறதுக்கு நான் என்ன மெஷினா?”

“எனக்கு மட்டும் என்னங்க? மூணு வருஷமா ஊசி, மாத்திரை, ஸ்கேனு எல்லாம் எனக்குத்தான். உங்களுக்கு இருக்கறது இந்த ஒரே ஒரு வேலை!”

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அவன் மெதுவாகச் சட்டையை எடுத்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டான். வேலை எட்டு மணிக்கு. மணி மூன்றுகூட ஆகவில்லை. கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

வீட்டுக்குள் இருக்கப் பிடிக்கவில்லை. அவளும் கதவைப் பூட்டிக்கொண்டு நடந்தாள். எங்கே என்றில்லை, கால் போன போக்கில். பெரிய சாலையில் திரும்பியதும் பேருந்து நிறுத்தத்தின் தகரக் கூரைக்குக் கீழே தெரிந்த உருவத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். மாமியார். குடையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு காலை நீட்டி முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். பேருந்து ஒன்று வந்தது. நடத்துநர் எட்டிப் பார்த்து ஏதோ கேட்க, இல்லை என்று கையை ஆட்டினாள். அது போனது. அடுத்ததும் வந்தது. அதற்கும் அதே கையாட்டல். கண்ணாடி அவள் மூக்கில் ஆடாமல் அசையாமல் இருந்தது.

“அத்தை, இங்க என்ன பண்றீங்க?”

மாமியார் திடுக்கிட்டாள். “கடை... கடை பூட்டியிருந்துச்சு.” முகமெல்லாம் சிவந்து, மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. “நீ ஏம்மா அதுக்குள்ள எழுந்து வந்தே? கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருக்க வேண்டியதுதானே?”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மருமகள் அவளுடைய வீங்கிய முட்டியைப் பார்த்தாள். இரண்டு மணி நேரம். எத்தனை பேருந்துகளை அனுப்பியிருப்பாள்?

“படுத்துத்தான் இருந்தேன் அத்தை. எல்லாம் நல்லபடியா ஆச்சு.”

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. மாமியார் குடையை ஊன்றிக்கொண்டாள். எழுந்து, மருமகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி நடந்தாள். பாதி வழியில், “மெதுவா நட. வேகமா நடக்காத” என்றாள்.

இரண்டாம் நாள் மாமியார் நூலகத்துக்குப் போனாள். அவன் காலையில் வந்து படுத்தவன், சுவரைப் பார்த்தபடியே கிடந்தான். தூங்கினானா என்று அவள் பார்க்கப் போகவில்லை. ஐந்து மணி வரை முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு முட்டைக்கு ஆயுள் ஒரே நாள்தான் என்று டாக்டரம்மா முன்பு சொன்னது நினைவிலேயே நின்றது. வலது அடிவயிற்றில் ஏதோ சுருக்கென்றது. நினைப்பாகவும் இருக்கலாம்.

அதன்பின் வீட்டில் அவள் கையிலிருந்து குடம் பிடுங்கப்பட்டது. துணிவாளி பிடுங்கப்பட்டது. “பள்ளம் மேடு பார்த்து ஓட்டச் சொல்லும்மா, புதுசா பழகறவங்க குலுக்கிடுவாங்க” என்று மாமியார் அக்கறையாகச் சொன்னாள். சாயங்காலம் ஒரு தம்ளர் பால் மேசைமேல் வந்துவிடும். ஒரு பொய்க்கு இவ்வளவு பாலா என்று நினைத்துக்கொண்டே குடிப்பாள். வேலைக்குக் கிளம்பும் அவன் அந்தத் தம்ளரைப் பார்ப்பான், அம்மாவைப் பார்ப்பான், செருப்பைத் தேடுவான். ஒருநாள் மாமியார் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பீன்ஸ் நறுக்கினாள். அவள் பாடி இவள் கேட்டதே இல்லை. அன்று பாலைப் பாதியிலேயே வைத்துவிட்டாள்.

பத்தாம் நாள் டாக்டரம்மாவிடம் போக வேண்டும். “நீயும் கூடப் போடா” என்று மாமியார் மகனை எழுப்பி அனுப்பினாள். மூன்று வருடத்தில் அவன் அந்த அறைக்குள் வந்தது அதுதான் இரண்டாவது தடவை. தடித்த ஃபைல் ஒன்று மேசைமேல் இருந்தது. அதன் மேலும் உள்ளும் அவள் பெயர் மட்டும்.

“என்னம்மா, ரெண்டு நாளும் சேர்ந்து இருந்தீங்களா?” என்றார் டாக்டரம்மா, ஃபைலிலிருந்து தலையை எடுக்காமல்.

அவள் வாயைத் திறந்தாள். இங்கேயும் அதே வார்த்தைதான் நாக்கு நுனியில் நின்றது.

“இல்ல டாக்டர்” என்றான் அவன். “என்னால முடியல. இவ மேல தப்பில்ல.”

டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார். “நேரம் குறிச்சுக் குடுத்தா நிறைய வீட்டுல நடக்கறதுதான். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.” ஃபைலைப் புரட்டினார். “ஆமா, உங்களுக்கு எழுதிக் குடுத்த டெஸ்ட் ரிப்போர்ட் எங்க? இதுல காணோமே?”

“எடுத்துக்கல. லீவு கிடைக்கலன்னு சொல்லிட்டே இருந்தேன்.” தொடையில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டான். “லீவு கிடைக்கும். எனக்குப் பயம்.”

அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கத்திவிடுவோம் என்று தோன்றியது. கத்தாவிட்டால் அழுதுவிடுவோம் என்றும் தோன்றியது. டாக்டரம்மா புதிய தாள் ஒன்றை எடுத்து, முதல்முறையாக அவன் பெயரையும் வயதையும் கேட்டு எழுதினார். இந்த மாதம் போனது போனதுதான், அடுத்ததைப் பார்ப்போம், நாள் குறிக்காமல் ஒரு மாதம் சும்மா இருங்கள் என்றார்.

மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போதுதான் அவள் பேசினாள்.

“பயம்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“நீயும் பயந்துட்டா என்ன பண்றதுன்னு...”

“நான் பயப்படலன்னு யார் சொன்னா உங்களுக்கு?”

வரிசை நகர்ந்தது. அவள் கையிலிருந்த பையை அவன் வாங்கிக்கொள்ளப் பார்த்தான். அவள் கொடுக்கவில்லை. இரண்டு அடி நகர்ந்ததும், பையின் ஒரு காதை மட்டும் அவனுக்கு விட்டாள்.

வீட்டுக்கு வரும்போது வானம் கறுத்திருந்தது. முன்னறையில் மாமியார் இல்லை. மேசைமேல் பால் தம்ளர் தட்டால் மூடியிருந்தது. மாடியிலிருந்து துணி உதறும் சத்தம் கேட்டது.

“அம்மாகிட்ட ஆச்சுன்னு சொன்னது நான்தான்” என்றாள் அவள். “அந்த வெயில்ல உக்காந்திருந்தாங்க. மனசு வரல.”

“தெரியும். நானே போய்ச் சொல்றேன்.”

அவன் படியேறினான். அவள் பாதிப் படியில் நின்றுகொண்டாள். முதல் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. மாமியார் கொடியிலிருந்து துணிகளை அவசரமாக உருவித் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய் நின்று ஏதோ சொன்னான். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. மாமியாரின் கை கொடியிலேயே நின்றது. அவன் தலையைக் குனிந்தபடி இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான். நீளமாகச் சொன்னான். தூறல் வலுத்து அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாமியார் கொடியில் மிச்சமிருந்த பெரிய படுக்கை விரிப்பை உருவி, அதன் இரண்டு முனைகளை மகன் பக்கம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தான். விரிப்பு இருவருக்கும் நடுவில் விறைத்து நின்றது. ஒருவரையொருவர் நோக்கி நடந்து வந்து, முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலகி, மறுபடி வந்து, நனைந்துகொண்டே மடித்தார்கள்.