முருங்கையில் முளைத்த புல்லுருவி

மூன்றாம் முறையும் ஜெயிக்க ஐயா என்ற பொருளில் நாங்கள் 'பாக்' என்று கூப்பிடும் எங்கள் ஊர்த்தலைவர் தர்சோனோ புல்லுருவியை நம்பினார். வேறு எதை நம்புவார்? பன்னிரண்டு ஆண்டுகளில் ஓடைக்குப் பாலம் என்று நான்கு தூண் நட்டதோடு சரி. மழைக்காலத்தில் கீரை விற்கும் சுமிரா முதுகுக்கூடையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் சந்தைக்குப் போவாள்.

வழி சொன்னவர் செராயு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மந்திரக்காரர். முருங்கையில் முளைத்த புல்லுருவியே வேண்டுமாம். பிணத்தைக் குளிப்பாட்டும் தண்ணீரில் நாங்கள் முருங்கை இலை போடுவது, உடம்பில் மந்திரம் ஏதும் இருந்தால் முறியட்டும் என்றுதான். "எல்லா மந்திரத்தையும் முறிக்கிற மரத்தையே உறிஞ்சிக் குடிச்சு வாழுது. அதை எது முறிக்கும்?" என்று கேட்டாராம். தலைவருக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது.

ஜாவா முழுக்க மாமரம் தவறாமல் ஏறும் இந்தச் செடி முருங்கையில் வருவது அபூர்வம். எங்கள் ஊரில் ஒன்றே ஒன்று, அதுவும் சுமிராவின் கொல்லையில். கட்டைவிரல் அளவேயான பூக்கொத்திக் குருவி எங்கோ பழம் தின்று, பசைபோல் ஒட்டும் விதையை அந்தக் கிளையில் தேய்த்துவிட்டுப் போயிருந்தது. இலை பச்சையாக இருப்பதால் வெயிலில் தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்ளும். தண்ணீரும் உப்பும் மட்டும் அடுத்த வீட்டிலிருந்து. இருமலுக்கு அதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தவள்தான் சுமிரா. ஆனாலும் கிளை நுனி காய்வதைப் பார்த்து மூன்று முறை செடியை ஒடித்தாள். கிளையோடு ஒட்டிய முடிச்சிலிருந்து அது மறுபடி தளிர்த்தது.

மந்திரக்காரர் சொன்னபடி அந்த முடிச்சோடு சேர்த்து அறுக்க வேண்டும், சொந்தக் கையால், உச்சிவெயிலில், வெள்ளியும், எங்கள் ஐந்து நாள் வாரத்தில் வரும் கிலிவோன் நாளும் கூடும் தினத்தில். அறுத்ததை வீட்டு வாசலுக்குள் கொண்டுபோகும்வரை வாய் திறக்கக்கூடாது. அப்படியொரு வெள்ளி, வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு வந்தது.

மூங்கில் ஏணியைச் சுமிராவின் பக்கத்து வீட்டு வாசிஸ் பிடித்துக்கொண்டான்.

"பாத்து காலை வைங்க, பாக். முருங்கை உங்க வாக்குறுதி மாதிரி, பட்டுனு ஒடியும்."

தலைவர் முறைத்தார். ரம்பம் மொன்னை.

சத்தம் கேட்டுச் சுமிரா வெளியே வந்தாள். "என் மரத்துல என்ன பண்றீங்க, பாக்?"

தலைவர் அறுத்துக்கொண்டே இருந்தார்.

"அவரு பேசமாட்டாரு, அக்கா," என்றான் வாசிஸ். "பேசினா மந்திரம் போயிடுமாம். அவரு வீட்டம்மாவே கடையில சொல்லிட்டு இருந்தாங்க."

சுமிரா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அப்படியா சங்கதி! பன்னெண்டு வருஷமா நான் ஒண்ணு சொன்னா இவரு ஒம்பது சொல்லுவாரு. இன்னைக்காவது காது மட்டும் வந்திருக்கே."

வெள்ளித் தொழுகை முடிந்து வந்தவர்கள் வேலியோரம் நின்றார்கள்.

"பாலத்துக்கு வந்த சிமெண்ட் நூத்தி இருபது மூட்டை. உங்க மச்சான் வீட்டு மாடிக்குப் போனது எத்தனை?" என்று கேட்டாள் சுமிரா.

ரம்பம் நின்றது. பிறகு ஓடியது.

"போகலைன்னா போகலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, பாக். நம்பிடறேன்."

தலைவரின் வாய் திறந்தது. கையருகே புல்லுருவி ஆரஞ்சுப் பூவோடு ஆடியது. வாய் மூடிக்கொண்டது.

"பாதியா, பாக்?" என்றான் வாசிஸ்.

அந்த நேரம் பார்த்து ஒரு செவ்வெறும்பு அவர் காதுக்குள் இறங்கியது. தலைவர் தலையை உதறினார்.

"பாதி இல்லையாம்!" வேலியோரத்திலிருந்து ஒருவர் கத்தினார். "அதுக்கும் மேலயாம்!"

கூட்டம் சிரித்தது. சுமிரா சிரிக்கவில்லை. "அந்தத் தண்ணியில என் கூடை ரெண்டு தடவை போச்சு. ஒரு வார்த்தை. இல்லைன்னு ஒரு வார்த்தை."

கிளை அறுந்து கையில் வந்தது. அதைத் தொட்டில் பிள்ளைபோல் மார்போடு அணைத்து, சிவந்த காதோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தார். வீட்டு வாசல் தாண்டும்வரை ஒரு சொல்லும் உதிர்க்கவில்லை. பதவியில் இருந்த காலத்தில் அவர் கடைப்பிடித்த ஒரே விதி அதுதான்.

ஞாயிறன்று கோழித்தீவனம் விற்கும் ரஸ்மின் ஜெயித்தார். எந்த வாக்குறுதியும் கொடுக்கத் தைரியமில்லாத மனிதர். தர்சோனோ ஆற்றைத் தாண்டிப்போய், "நான் பேசவே இல்லையே!" என்று முறையிட்டாராம். "நீங்க பேசலை. அவ பேசிட்டாளே," என்றாராம் மந்திரக்காரர்.

முடிச்சோடு போனதால் புல்லுருவி திரும்பி வரவில்லை. இரண்டு மாதத்தில் வெட்டுக்குக் கீழே முருங்கை செழித்துத் துளிர்த்தது. ஒரு காலை தர்சோனோ அந்த வழியாகப் போனார்.

"பாக்! ஒரு கட்டு கீரை கொண்டுபோங்க," என்று கூப்பிட்டாள் சுமிரா. "நீங்க தொட்டு முழுசா முடிச்ச ஒரே வேலை இந்த மரம்தான்!"

இப்போது பேசத் தடை எதுவும் இல்லை. அவர் கீரையை வாங்கிக்கொண்டு போனார்.