இரண்டு கம்பித் துண்டுகள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலையைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று சூப்பர்வைசர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். மறுநாள் அவரே டப்பாவைத் திறந்துகொண்டு, வாடிக்கையாளரின் மிஷினுக்குள் தன் கைக்கடிகாரத்தை விட்டுவிட்டு வந்த கதையை ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் தடை போடவில்லை.

அலுவலகங்களின் நகல் மிஷின்களைப் பழுது பார்க்கிறவர்களிடம் கதைக்குப் பஞ்சம் கிடையாது. மிஷின் எலி மாதிரி கீச்சிடுகிறது என்று ஒரு புகார். போய்த் தாள் தட்டை இழுத்தால் எலியேதான், குடும்பத்தோடு, யாரோ ஒருவரின் பணி நியமன உத்தரவைக் கிழித்து மெத்தை போட்டுப் படுத்திருந்தது. இன்னொருவன், கீழே விழுந்த திருகாணியைத் தேடச் சொல்லி ஓர் அலுவலகத்தையே தரையில் தவழ விட்டிருக்கிறான். அது அவன் சட்டைப்பையில் இருந்த காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, துணிக்கு வெளியே பொத்தான் போல மின்னிக்கொண்டிருந்ததாம். பேனா ஸ்பிரிங்கைப் போட்டு ஓட்டியவன், கொண்டை ஊசியால் சக்கரத்தை நிறுத்தியவன், பழைய எக்ஸ்ரே பிலிமை வெட்டித் தாளுக்கு வழி செய்தவன் என்று ஆளாளுக்கு ஒன்று இருந்தது. இதற்கெல்லாம் அங்கே ஒரே பெயர், ஒப்பேத்துவது. ஒப்பேற்றத் தெரியாதவனை யாரும் மெக்கானிக்காக மதிப்பதில்லை.

நகாசு அதிகம் பேச மாட்டான். அவன் பெயர் வேறு. ஆனால் எதை ஒப்பேற்றினாலும் கை பட்ட தடம் தெரியாமல் அவ்வளவு நேர்த்தியாகச் செய்வான் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. குணத்தில் அவனுக்கு நேர் எதிர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவியின் அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். வாய் ஓயாது என்பதால் பணிமனையில் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

அன்று கடைசியாக ரேடியோ ஆரம்பித்தார். தன் தங்கை வேலை பார்க்கும் மருத்துவமனையில் ஒரு மிஷின் இருக்கிறது, நம் கம்பெனியே கைகழுவிவிட்ட கிழடு என்றார். அது எல்லோருக்கும் தெரிந்த மிஷின்தான். நகாசின் மனைவி அங்கே கீழ்த்தளத்தில் நோயாளிகளின் கோப்புகளைப் பார்த்துக்கொள்கிறாள். மிஷின் அடிக்கடி நின்றுபோனதில் மருத்துவமனை மேனேஜர் கடுப்பாகி, இன்னொரு தடவை நின்றால் நகல் வேலையை வெளியே கொடுத்துவிடுவேன், அதன் பிறகு இங்கே உங்களுக்கு என்ன வேலை என்று அவளிடம் கேட்டிருந்தார். அதனால் மிஷின் மக்கர் பண்ணும்போதெல்லாம் புருஷனிடமோ அண்ணனிடமோ சொல்வாள். யார் கையில் வேலை இல்லையோ அவர் போய்ச் சரி பண்ணிவிட்டு வருவார். அவள் பிழைப்பு அந்த மிஷினோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

முந்தாநாள் போனவர் ரேடியோ. மிஷின் சூடே ஆகவில்லையாம். மேனேஜர் வேறு தலைக்கு மேல் வந்து நின்றுகொண்டு எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாராம். மேனேஜரின் குரலிலேயே ரேடியோ பேசிக் காட்டியதும் எல்லோரும் சிரித்தார்கள்.

"பாத்தா, ஃபியூஸ் போயிருக்கு. அந்த ஃபியூஸை இப்ப எங்க போய்த் தேடுறது? ஒரு கம்பித் துண்டை முறுக்கி மாட்டி விட்டேன். அந்தாளு ஒரு போன் பேசி முடிக்கிறதுக்குள்ள மிஷின் ஓடுது."

"தீப்பிடிச்சா?" என்று ஒருவன் வாய் நிறையச் சோற்றோடு கேட்டான்.

"தெர்மோஸ்டாட்னு ஒண்ணு எதுக்குடா இருக்கு? சூடு ஏறுனா அது பாத்துக்கும்."

மறுபடியும் சிரிப்பு. நகாசு மட்டும் டப்பாவை மூடினான்.

தாளில் விழுந்த மைப்பொடியைச் சூடு வைத்து ஒட்டவைக்க மிஷினுக்குள் ஓர் உருளை இருக்கும். அதற்குள் ஹீட்டர். அந்த ஹீட்டருக்கு இரண்டு காவல். சூடு எல்லை மீறினால் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை வெட்டும். அது தவறினால் ஃபியூஸ் உருகித் தன் உயிரைக் கொடுத்து வெட்டும். போன வாரம் அதே மிஷின் நின்றபோது போனவன் நகாசு. தெர்மோஸ்டாட் செத்துக் கிடந்தது. புதியது வரும்வரை தாங்கட்டும் என்று அதன் இரண்டு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்து, சூடு தாங்கும் டேப்பைச் சுற்றி, மேல்மூடியைப் பழையபடி பொருத்திவிட்டு வந்தான். ஃபியூஸ்தான் இருக்கிறதே என்று அவனும் நினைத்தான்.

இப்போது ஃபியூஸ் ஏன் போனது என்று யோசித்தான். வெட்ட வேண்டிய தெர்மோஸ்டாட் இல்லாததால் போனது. அளவு மீறிச் சூடானதால் போனது. ஏன் அவ்வளவு சூடானது என்று அவனும் பார்க்கவில்லை, மச்சானும் பார்க்கவில்லை.

"மச்சான், அந்த தெர்மோஸ்டாட் வேலை செய்யாது" என்றான்.

"ஏன்?"

"அதுலயும் கம்பிதான் இருக்கு. நான் போட்டது."

"நான் பாத்தேனே மாப்ளே. டேப்பு கூடப் பிரியாம, கம்பெனில இருந்து வந்த மாதிரியே இருந்துச்சே."

"நான் ஒட்டினா அப்படித்தான் இருக்கும்."

மேசையின் கடைசியில் யாரோ விஷயம் புரியாமல் கொஞ்சம் தாமதமாகச் சிரித்து, தனியாகச் சிரிப்பது தெரிந்து நிறுத்திக்கொண்டார்கள்.

நகாசு மனைவிக்குப் போன் போட்டான். கீழ்த்தளத்தில் எப்போதுமே டவர் கிடைக்காது. மருத்துவமனை வரவேற்புக்குப் போட்டான். ஒரு பெண் மிகவும் மரியாதையாக அவனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டாள். பாட்டு ஒரு சுற்று முடிந்து மறுபடி ஆரம்பித்தது. நாளைக்கு ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள், இன்று முழுக்க நகல் வேலைதான் என்று காலையில் கிளம்பும்போது அவள் சொன்னது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பைக் சாவியை எடுத்தான். ரேடியோ கையைக்கூடக் கழுவாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

வழி முழுக்க ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் நகாசுக்கு அதிக பயத்தைக் கொடுத்தது. சிக்னலில் நின்றபோது மனைவியின் கோப்பு அறையை மனசுக்குள் பார்த்தான். தரையிலிருந்து கூரைவரை காகிதம். சன்னல் கிடையாது. கதவு ஒன்றே ஒன்று, அதற்கும் அவள் மேசைக்கும் நடுவில் மிஷின். இடத்தை மிச்சம் பிடிக்க அதை அப்படி நகர்த்தி வைத்துக் கொடுத்தவனும் அவன்தான்.

மருத்துவமனைப் படியில் இறங்கும்போதே வாசனை வந்தது. புகை இல்லை. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்த மாதிரி ஒரு வாசனை. நடைபாதையில் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போன ஆள், மூக்கைச் சுருக்கினானே தவிர நிற்கவில்லை. அந்த வாசனைக்கு எல்லோரும் பழகியிருந்தார்கள்.

உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மனைவி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, வந்து விழும் தாள்களை நுனி விரலால் எடுத்து உதறி அடுக்கிக்கொண்டிருந்தாள். மிஷினின் முதுகுக்கு நேராக ஒரு மேசை விசிறி முழு வேகத்தில் சுற்றியது. தாள்களின் ஓரம் பழுப்பேறியிருந்தது.

நகாசு சுவரோரம் குனிந்து பிளக்கைப் பிடுங்கினான். பிளக்கும் கொதித்தது.

"என்ன பண்றீங்க? இன்னும் பாதிகூட முடியல" என்றாள். பின்னால் அண்ணன் நிற்பதைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "ரெண்டு பேரும் சேந்து வந்திருக்கீங்க. யாருக்கு என்ன?"

யாருக்கும் ஒன்றுமில்லை என்று ரேடியோ சொன்னார். இந்த விசிறி எப்போதிலிருந்து என்று நகாசு கேட்டான். அண்ணன் வந்துவிட்டுப் போன மறுநாளிலிருந்து என்றாள். தாள் அப்பளம் மாதிரி பொரிந்து வந்ததாம், ஒரு தடவை ஓரத்தில் சின்னதாகப் பொறிகூட ஓடியதாம். மேல்தளத்தில் ஒரு நர்ஸிடம் கெஞ்சி விசிறியை வாங்கி வந்து வைத்ததும் அடங்கிவிட்டதாம். நானும் உங்களைப் போல ஒப்பேற்றப் பழகிவிட்டேன் என்று சொல்லிச் சிரித்தாள்.

அவன் பின்மூடியைக் கழற்றினான். உள்ளே பிளாஸ்டிக் தாங்கி இளகி, காது மடல் போலத் தொங்கியது. உருளையின் மேல் தோல் கொப்புளித்திருந்தது. சூட்டை அளந்து சொல்லும் சிறிய சென்சாரின் மேல் மைப்பொடி தடிமனாகப் படிந்து இறுகியிருந்தது. தான் எவ்வளவு கொதிக்கிறோம் என்பது அந்த மிஷினுக்கே தெரியவில்லை. இன்னும் இன்னும் சூடு கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

நகாசு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு காவல், இரண்டு கம்பி, யார் யாரை நம்பினார்கள் என்பதுவரை. பாதியில் அவள் விசிறியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். கதவுக்குப் போக மிஷினைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"ஆக, புருஷனும் அண்ணனும் சேந்து என்னைக் கொளுத்திட்டு, ஆளுக்கொரு மூலையில நின்னு அழுதிருப்பீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

சத்தம் நின்றுபோனதைக் கேட்டு மேனேஜர் படியிறங்கி வந்தார். மெக்கானிக்குகளைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. ஆய்வு முடிகிறவரை ஓடினால் போதும், அதற்குப் பிறகு பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம், இன்று சாயங்காலம்வரை எப்படியாவது தேற்றிக் கொடுங்கள் என்று தன்மையாகவே கேட்டார்.

ரேடியோவின் கை தன் போக்கில் பைக்குள் போனது. பல வருடப் பழக்கம். "பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டா..." என்று ஆரம்பித்தவர், தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை வெளியே எடுத்தார்.

"முடியாது சார்" என்றான் நகாசு. இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து ஒரு வாடிக்கையாளரிடம் அவன் சொல்லியிராத வார்த்தை அது. சொல்லும்போது நாக்கு கொஞ்சம் இடறியது. அவன் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. அவள் பிழைப்பை அவளைக் கேட்காமலேயே நிறுத்திவிட்டோம் என்று தெரிந்தது.

மேனேஜர் அவளைப் பார்த்தார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"ஓடாது சார். நான் இனி இதை ஆன் பண்ண மாட்டேன்" என்றாள்.

உங்கள் விஷயத்தை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றார் மேனேஜர். கோபப்பட அவருக்கு நேரமில்லை. மீதமிருந்த கோப்புகளைத் தூக்கி ரேடியோவின் கையில் திணித்தார்.

"இதையும் மேல கொடுத்துடுங்க. குழந்தைங்க வார்டு பக்கத்துல இதே மாதிரி இன்னொரு மிஷின் இருக்கு. காலையிலிருந்து பாதிக் கட்டு அங்கதான் ஓடுது. நீங்கதானே ரெண்டு மாசம் முன்னாடி சரி பண்ணிக் கொடுத்தீங்க?"

அவர் போய்விட்டார். ரேடியோ கோப்புகளோடு அப்படியே நின்றார்.

"என்ன பண்ணினீங்க அதுல?" என்று நகாசு கேட்டான்.

"ஃபியூஸு" என்றார் ரேடியோ. "நீ அதுல கை வச்சிருக்கியா மாப்ளே?"

நகாசு யோசித்தான். போன மாதம் இந்த மருத்துவமனைக்கு ஒரு தடவை வந்த ஞாபகம் இருந்தது, எந்தத் தளத்துக்கு என்பது இல்லை. குழந்தைகள் அழுத சத்தம் ஞாபகம் இருந்தது. ஆனால் குழந்தை அழாத மருத்துவமனை எது? எத்தனையோ மிஷின்கள், எல்லாவற்றிலும் இதே மூடி, இதே கம்பி, இதே டேப்பு.

"தெரியல" என்றான்.

அவன் மனைவி அவர்களுக்கு முன்னால் படியில் ஓடிக்கொண்டிருந்தாள்.