சனிக்கிழமைக் கூட்டம், வியாழக்கிழமைச் செய்தி

அந்தக் கடைசி வரியை அப்படி எழுதியிருக்க வேண்டாமோ, 'மக்களின் குரலாக ஒலிக்க விரும்புகிறேன்', ஒலிக்கிறதாம், கோயில் மணியா என்ன, கடல் தாண்டி மெட்ராஸில் அதைப் படிக்கிற பேராசிரியர் சிரிக்கமாட்டாரா... கோலசிலாங்கூர் தபால் நிலையத்து மர பெஞ்சில் உட்கார்ந்து கலாவதி பழுப்பு உறையின் வாயைத் திறந்து இன்னொரு முறை எட்டிப் பார்த்தாள். இதழியல் முதுகலைக்கான விண்ணப்பம், இரண்டு படங்கள், பட்டச் சான்றிதழின் நகல், பத்திரிகையில் வந்த செய்தி மூன்று. மூன்றிலும் எழுதியவர் பெயர் இருக்கவேண்டும் என்று அடிக்கோடு போட்டுக் கேட்டிருந்தார்கள், இரண்டு இருந்தால் போதாதா என்று யாரிடம் போய்க் கேட்பது. இன்று பதிவுத் தபாலில் போட்டால்தான் கெடுவுக்குள் போய்ச் சேரும், அதற்காக ரவாங் தொழிற்சாலையில் வயிற்றுவலி என்று சொல்லி அரைநாள் விடுப்பு, இரண்டு பஸ் மாறி வியர்த்து வழிந்து வந்தாயிற்று, இனி என்ன யோசனை, வரிசையில் ஐந்து பேர்தான், எழுந்து போய் நிற்கவேண்டியதுதானே. எழுந்திருக்கவில்லை. மூன்றாவது செய்தி உறைக்குள்ளிருந்து முள் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது.

ஆறு வருடமாக ரப்பர் தோட்டத்துச் செய்தி எழுதுகிறாள், பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கையில் பிடித்த பேனா. எல்லாம் 'நமது நிருபர்' என்றே வரும், கலாவதி என்று ஒருத்தி இருப்பது யாருக்குத் தெரியும். பெயரோடு வந்தது மூன்றே மூன்று, தீமிதி, பள்ளி விளையாட்டுப் போட்டி, அப்புறம் இது. ஞாயிறு பதிப்பில் முதல் பக்கம், மூன்று பத்தி, 'ஆற்றோர லயத்து மக்கள் இடம்பெயர ஒருமனதாகச் சம்மதம்', கீழே கொட்டை எழுத்தில் கோலசிலாங்கூர் ந. கலாவதி. அப்பா நல்லசாமி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அசாம் ஜாவா டவுன் காப்பிக்கடை வரைக்கும் போய் வந்தார். நல்ல செய்திதான், ஒரு பிழை கிடையாது, ஒன்றைத் தவிர... லயத்து வீட்டுக்காரர்கள் கூட்டம் நடந்தது சனிக்கிழமை சாயங்காலம், அவள் எழுதி அனுப்பியது வியாழக்கிழமை காலை. அதில் அதிசயம் ஒன்றுமில்லை, தோட்டத்துச் செய்தி எழுதுகிற எல்லாரும் அப்படித்தான், வியாழக்கிழமை லோரியில் தபால் போனால்தான் ஞாயிற்றுக்கிழமை அச்சில் வரும். தீமிதி எப்படியும் நடக்கும், தலைவர் எப்படியும் தலைமை தாங்குவார், வாழ்த்துரைக்கிறவர் எப்படியும் வாழ்த்துவார், நடக்கப் போவதை நடந்தது என்று எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்? தொழிலாளர் சங்கச் செயலாளர் சிவானந்தம் வீடு தேடி வந்து, "எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சிம்மா, நல்லா எழுது" என்றார். நல்லாத்தான் எழுதினாள்.

யார் கண்டது வேலம்மா அத்தை எழுந்திருப்பார் என்று. முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், கூட்டம் என்றால் பின்வரிசையில் வெற்றிலை போடுகிறவர், அன்றைக்கு நடுவில் வந்து நின்றார். ஆண்கள் சிரித்தார்கள், வேலை வாங்குகிற மண்டோர் உட்காரச் சொன்னார், அத்தை உட்காரவில்லை. "மாத்தறதுன்னா மாத்துங்க, வேணாங்கல. ஆனா புது லயத்துல தண்ணி எங்கேருந்து வருதுன்னு யாராச்சும் போய்ப் பாத்தீங்களா? நான் போய்ப் பாத்தேன்." அப்போது கலாவதி அச்சகத்து நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், ஒருமனதாக என்ற சொல்லை இந்நேரம் அச்சுக் கோத்திருப்பார்களே... மறுநாள் வாசலில் வந்து அத்தை கேட்டார், பேப்பர்ல வந்திருக்காமே, நான் பேசினதும் இருக்கா என்று. பக்கத்தில் நாலு பேர். "எல்லாம் இருக்கு அத்தை" என்று சொல்லிவிட்டாள். எழுதப் படிக்கத் தெரியாதவர், எழுதின பிள்ளையே சொன்ன பிறகு வேறு யாரைக் கேட்பார்? படிக்கத் தெரிந்தவர்கள் சிவானந்தத்துக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி அந்தப் பக்கத்தை வெட்டி ஆபீஸ் பலகையில் ஒட்டினார், கேட்டவர்களிடமெல்லாம் அதைத்தான் காட்டினார்கள், பேப்பர்லயே வந்தாச்சே என்று. தீபாவளி கழிந்ததும் லயத்தை இடிக்கிறார்கள். சரி, இதையெல்லாம் மெட்ராஸில் யார் கேட்கப்போகிறார்கள், போட்டுவிட்டுப் போய்விடலாம், படித்து வந்தபிறகு ஒழுங்காக எழுதினால் போயிற்று... எழுந்து வரிசையில் நின்றாள், முன்னால் இரண்டே பேர்.

"ஏம்மா கலா, நீயா!" வாசலில் வேலம்மாவேதான், கண்டாங்கிச் சேலையை நன்றாகத் துவைத்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, இங்கே செருப்போடு வரலாம் அத்தை என்று யார் சொல்வது. "மேல மாடியில லேபர் ஆபீசுக்குப் போறேன். ஒன்னயப் பாத்ததும் நல்லதாப் போச்சி." பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து நாலாய் மடித்த பேப்பரைப் பிரித்தார். அதே பக்கம். "நான் எதுத்துக் கேட்டேன்னு சொன்னா நம்புவானுங்களா? அதான் இதயே கொண்டாந்துட்டேன். நான் பேசின எடம் எதுன்னு வெரல வச்சிக் காட்டு, ஆபீசுல கேட்டா நானே காட்டிருவேன்."

விரலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். இரண்டாம் பத்தியில் வைக்கலாம், அங்கே சிவானந்தத்தின் நன்றியுரை இருக்கிறது, அத்தைக்கு எப்படித் தெரியும், சந்தோஷமாக மாடிப்படி ஏறிப் போவார், மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் படித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பான், நீங்களே சம்மதிச்சிருக்கீங்களே என்பான்... அந்த முகத்தை நினைக்க அவளுக்குத் தாங்கவில்லை. "அத்தை, இதுல இல்ல."

"எது?"

"நீங்க பேசினது. கூட்டத்துக்கு முன்னாலயே எழுதி அனுப்பிட்டேன். இருக்குன்னு சொன்னது பொய்."

அத்தை பேப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்தார், படிக்கத் தெரிந்தவர் போல. "அடிப்பாவி" என்றார், சத்தமில்லாமல். திட்டினால் தேவலை என்றிருந்தது. பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார். "போவுது லா. நீதான் மொத வரிசையில ஒக்காந்திருந்தியே. பேப்பர்ல எழுதற பொண்ணு சொன்னா கேப்பாங்க. நீ வந்து சொல்லு, நான் என்ன சொன்னேன்னு."

"அடிக், மாரி", தங்கச்சி வா என்று மலாய்க்காரக் குமாஸ்தா கண்ணாடிக்குப் பின்னால் கையை நீட்டினாள், கலாவதியின் முறை வந்துவிட்டது. சொல்லலாம், ஏன் சொல்லக்கூடாது, வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறதே, தண்ணி எங்கேருந்து வருதுன்னு யாராச்சும் போய்ப் பாத்தீங்களா, நான் போய்ப் பாத்தேன்... அப்புறம்? அப்புறம் அத்தை நிறைய நேரம் பேசினார், ஒவ்வொன்றாக விரலை மடக்கி மூன்று விஷயம் சொன்னார், பின்வரிசைப் பெண்கள்கூட ஆமாம் போட்டார்கள். மடங்கிய விரல்கள் தெரிகின்றன, வெற்றிலைச் சிவப்பில் வாய் அசைவது தெரிகிறது. முதல் வரிசையில் உட்கார்ந்து, மூன்றில் ஒன்றைக்கூட அவள் கேட்டிருக்கவில்லை.