எரிந்துபோன கேஸ்கட்டு

உக்கிரபாண்டியின் ஜீப்பு போடிமெட்டு ஏற்றத்தில் ஒன்பதாவது வளைவில் நின்றது. நின்றது என்று சொல்வதுகூட மரியாதைக்காகத்தான். வெள்ளைப் புகையைக் கக்கி, ரேடியேட்டர் மூடியைத் தூக்கியடித்து, ஏலக்காய் எடுக்கப் போன பதினாலு பெண்களையும் நடுரோட்டில் இறக்கி நடக்கவிட்டது. ஒரு ஜீப்பில் பதினாலு பேரா என்று கேட்பவர்கள் அந்த மலைப் பக்கம் வந்ததில்லை என்று அர்த்தம்.

வண்டியை இறக்கத்திலேயே உருட்டிக்கொண்டு போடிக்கு வந்து சேர்ந்தான். மெக்கானிக் கண்ணுச்சாமி ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தது.

"கேஸ்கட்டு எரிஞ்சு போச்சப்பா. தண்ணியும் ஆயிலும் கலந்துருச்சு. புதுசு மதுரையிலிருந்துதான் வரணும். செவ்வாக்கிழமை ஆகும்."

என்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் ஒரு செம்புத் தகடு. அவ்வளவுதான் சாமான். ஆனால் புதுசு வாங்க உக்கிரபாண்டியிடம் காசு இல்லை. செவ்வாய்க்கிழமை வரை பொறுக்க ஏலத்தோட்டத்துக் கங்காணி கன்னையனிடம் மனசு இல்லை. திங்கட்கிழமை ஆட்களோடு வண்டி வராவிட்டால் ஆள் ஏற்றும் நடையைத் தேவாரம் ஊர் ஜீப்புக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். அந்த ஒரு நடையில்தான் உக்கிரபாண்டி வீட்டில் மனைவி வேலுத்தாயி வைத்த உலை கொதித்தது.

அதே மாதிரி இன்னொரு என்ஜின் சொந்த ஊரான சிலமலையிலேயே இருந்தது. தொடத்தான் முடியாது. பிள்ளையில்லாமல் போய்ச் சேர்ந்த பெரியப்பா, பட்டாளத்து ஏலத்தில் எடுத்த ஜீப்பு அது. அது யாருக்கு என்று உக்கிரபாண்டிக்கும் பங்காளி காசிமாயனுக்கும் பதினோரு வருசமாக வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வரும்வரை ஒருவரும் கைவைக்கக் கூடாது என்பது கோர்ட்டு உத்தரவு. வண்டி காசிமாயன் களத்தில் நிற்க, கோழிகள் மட்டும் உத்தரவை மதிக்காமல் பின்சீட்டில் முட்டையிட்டு வந்தன.

சனிக்கிழமை காலையில் காசிமாயனே வீடு தேடி வந்தார். பதினோரு வருசத்தில் முதல் தடவை. வந்தவர் கட்டிலில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"கேஸ்கட்டு எரிஞ்சு போச்சாமே தம்பி. வேலுத்தாயி குழாயடியில சொல்லிச்சாம். எங்க வீட்டுக்காரி குருவம்மா வந்து சொன்னா."

"ஆமாண்ணே."

"முழுசும் போச்சா?"

"ஒண்ணுக்கும் ஆகாது. கரியாக் கிடக்கு."

"அடடா. பெரியப்பா கைநாட்டு வச்ச காயிதமெல்லாம் அதுலதான இருந்துச்சு?" முகத்தில் துக்கத்தைக் கொண்டுவர அவர் பட்ட பாடு பார்க்கப் பாவமாக இருந்தது.

உக்கிரபாண்டிக்கு அப்போதுதான் விளங்கியது. மனுசன் கேஸ் கட்டைச் சொல்கிறார். வக்கீல் ஆபீசில் சிவப்பு நாடா போட்டுக் கட்டிவைத்திருக்கும் வழக்குக் காகிதங்களை. தொண்டை வரை வந்த சிரிப்பை விழுங்கிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டான்.

"அது இல்லாம என்னால ஒரு அடி நகர முடியாதுண்ணே."

"வக்கீலு என்ன சொல்றாரு?"

"இதுல வக்கீலு என்ன செய்ய முடியும்? நீங்கதான் மனசு வைக்கணும். பெரியப்பா வண்டி என்ஜினுக்குள்ள ஒரு செம்புத் தகடு இருக்கு. அதை மட்டும் குடுங்க. எனக்கு அது போதும்."

எதிராளியின் காகிதம் எரிந்து, முழு வண்டியும் கைக்கு வரப்போவதாக நம்பியவருக்கு ஒரு தகடு என்ன பெரிசு? காசிமாயனே கோழிகளை விரட்டினார். கண்ணுச்சாமி நட்டுகளைக் கழற்றும்போது ஸ்பானரைப் பிடித்துக் கொடுத்தார். மோர்கூட வந்தது. கண்ணுச்சாமி மட்டும் கடைசி வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலுத்தாயியின் பீரோக் கண்ணாடியைக் கழற்றிப் படுக்கப்போட்டு, அதன்மேல் உப்புத்தாளை விரித்து, என்ஜின் தலையை மட்டமாகத் தேய்த்தார்கள். அவள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பழைய தகட்டின் இரண்டு பக்கமும் அலுமினியப் பெயிண்டைப் பூசி, நட்டுகளை நடுவிலிருந்து ஓரமாக முறுக்கி முடித்தார் கண்ணுச்சாமி.

"சாமியைக் கும்பிட்டு ஏறு. இதுக்கு மேல என் சோலி இல்ல," என்றார்.

அன்று சாயங்காலமே காசிமாயன் போடிச் சந்தையில் உக்கிரபாண்டியின் வக்கீல் குமாஸ்தா ஜக்கையனைப் பார்த்துவிட்டார். கேஸ் கட்டு வக்கீல் ஆபீஸ் பீரோவில் பத்திரமாக இருக்கும் விசயம் அவருக்குத் தெரிந்துபோனது.

திங்கட்கிழமை சிலமலையிலிருந்து ஜீப்பு புறப்படும்போது முன்சீட்டில் காசிமாயன்தான் உட்கார்ந்திருந்தார். போடியில் இறங்கி, பஸ்சைப் பிடித்துப் பெரியகுளம் கோர்ட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

"நீ சொன்னது பூராம் பொய்யி."

"எந்த வார்த்தை பொய்யின்னு சொல்லுங்கண்ணே, வண்டியை இப்பவே திருப்பிர்றேன்."

காசிமாயன் போடி வரும்வரை யோசித்தார். ஒரு வார்த்தையும் அகப்படவில்லை. அந்த ஆத்திரத்தில் போடியில் இறங்கவும் மறுத்துவிட்டார்.

"இது மெட்டு ஏறாது. நிக்கிறதை என் கண்ணால பாத்துட்டுத்தான் போவேன்."

ஏற்றம் தொடங்கியதும் பின்னாலிருந்த பெண்கள் கம்பிகளை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். சூடு காட்டும் முள்ளையே காசிமாயன் பார்த்துக்கொண்டு வந்தார். ஒன்பதாவது வளைவை உக்கிரபாண்டி நெருங்கினான். இந்த நடையும் போய்விட்டால் வேலுத்தாயியும் மற்றவர்களைப் போல ஏலக்காய் எடுக்கப் போகவேண்டியதுதான். முதல் கியரைப் போட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டான். முள் நடுங்கியது, ஏறவில்லை. பத்தாவது வளைவு. பதினொன்று. காசிமாயன் முள்ளை விட்டுவிட்டு என்ஜின் சத்தத்துக்குத் தலையாட்டத் தொடங்கியிருந்தார்.

மேலே மஞ்சு மூட்டத்துக்குள் கன்னையன் நின்றார். பக்கத்திலேயே தேவாரத்து ஜீப்பும் நின்றது.

"பழைய கேஸ்கட்டை ஒட்டவச்சு ஓட்டுறயாமே. நாளைக்கு நடுவழியில நின்னா யாரு பதில் சொல்றது?"

உக்கிரபாண்டி வாயைத் திறக்குமுன் காசிமாயன் கீழே குதித்துவிட்டார்.

"யாரைப் பாத்து என்ன கேக்குறீரு? எங்க பெரியப்பா வண்டிச் சாமான்யா அது. பட்டாளத்துல ஓடின தகடு. இன்னும் பத்து வருசம் உம்ம ஆளுகளைச் சுமக்கும். நான் பொறுப்பு."

கன்னையன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தேவாரத்து ஜீப்பைப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார்.

உக்கிரபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே," என்று காசிமாயனின் கையைப் பிடித்தான். அவர் கையை உதறிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"வெரசா பெரியகுளத்துக்கு வண்டியை விடு. இந்தத் தகட்டையும் கேஸுல சேக்கணும்."